கரையாத கொலாஜனைக் கரைக்காமலேயே படித்தவர்: யார் இந்த ஜி.என்.ராமச்சந்திரன்?

இன்ஸ்டாகிராமைத் திறந்தாலே கொலாஜன் பவுடர் விளம்பரம்தான். காபியில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினால் உடனே கரைந்துவிடும் என்கிறார்கள். உண்மைதான், கரையும். ஆனால் உங்கள் தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொலாஜன் அப்படிக் கரையாது. கரைந்தால் நாம் முதல் மழையிலேயே காணாமல் போயிருப்போம்!

பவுடர் கரைவதற்குக் காரணம், தொழிற்சாலையிலேயே அதை வேகவைத்து, என்சைம் போட்டுச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிவிடுகிறார்கள். வெட்டாத, முழு கொலாஜன் ஏன் அவ்வளவு அடம்பிடிக்கிறது? இந்தக் கேள்விக்கான பதிலை உலகத்துக்குச் சொன்னது சென்னை கிண்டியில் இருந்த ஓர் ஆய்வகம். சொன்னவர் ஜி.என்.ராமச்சந்திரன்.

தமிழ்நாட்டில் ராமச்சந்திரன் என்றாலே எம்.ஜி.ஆர்தான் ஞாபகத்துக்கு வருவார். ஆனால் உலகின் எந்த நாட்டில் பயோகெமிஸ்ட்ரி பாடப்புத்தகத்தைப் புரட்டினாலும் அதில் இருக்கிற ராமச்சந்திரன் இவர்தான்.

எங்கிருந்து வந்தார்?

முழுப்பெயர் கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன். 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயரில் இருக்கும் கோபாலசமுத்திரம், திருநெல்வேலி மாவட்டத்து ஊர். அப்பா எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். அதனால் கணக்கு வீட்டிலேயே கிடைத்தது.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தபோது அவர் எடுத்தது எலக்ட்ரிகல் இன்ஜினியரிங். ஆனால் அங்கே இருந்தவர் சர் சி.வி.ராமன். இந்தப் பையன் எலக்ட்ரிகலுக்கு ரொம்ப அதிகம் என்று முடிவு செய்து, தன்னுடைய இயற்பியல் துறைக்கே இழுத்துக்கொண்டார்.

1947-ல் கேம்பிரிட்ஜ் போனார். கேவண்டிஷ் ஆய்வகத்தில் எக்ஸ்-ரே கொண்டு படிகங்களை ஆராய்ந்து, இரண்டே வருடத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் அங்கே லினஸ் பாலிங்கின் உரைகளைக் கேட்டார். பெரிய உயிரியல் மூலக்கூறுகளுக்கும் ஒரு வடிவம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கலாம் என்ற எண்ணம் அங்கேயே விழுந்தது.

சென்னைக்கு எப்படி வந்தார்?

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார், புதிய இயற்பியல் துறைக்குத் தலைவராக வரும்படி முதலில் அழைத்தது ராமனை. அவர் தான் வராமல், ராமச்சந்திரனை அனுப்பச் சொன்னார். முப்பது வயதைத் தொடும் நேரத்தில் ராமச்சந்திரன் பேராசிரியரும் துறைத்தலைவரும் ஆனார்.

புது ஆய்வகம், கொஞ்சம் கருவிகள், கைவிட்டு எண்ணக்கூடிய மாணவர்கள். எதை ஆராய்வது? அந்த ஆண்டு சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னல், கொலாஜன் பற்றி ஒரு பேச்சைப் போட்டுவிட்டுப் போனார். பலரும் பலவிதமாக வடிவம் சொல்கிறார்கள், எதுவும் சரியாகப் பொருந்தவில்லை என்பதுதான் விஷயம். பாலிங்கே 1951-ல் ஒரு வடிவத்தை வெளியிட்டிருந்தார். அதுவும் தப்பு.

ராமச்சந்திரன் அதையே எடுத்துக்கொண்டார்.

கொலாஜன் ஏன் இவ்வளவு கஷ்டம்?

கொலாஜன் ஒரு பாலிமர். அதாவது சின்ன அலகுகள் வரிசையாகக் கோர்க்கப்பட்ட நீளச் சங்கிலி. இங்கே அலகுகள் அமினோ அமிலங்கள். ஒரு சங்கிலியில் சுமார் 1,000 அமினோ அமிலங்கள் இருக்கும். நம் உடலில் இருக்கிற புரதத்தில் கால் பங்குக்கும் மேல் கொலாஜன்தான்.

எந்தப் புரதத்தையும் ஆராய வேண்டுமென்றால், வேதியியலாளர் முதலில் செய்ய நினைப்பது அதைக் கரைப்பது. முட்டை வெள்ளைக்கருப் புரதம் தண்ணீரிலேயே கரையும். கொலாஜன்? தண்ணீருக்கு மசியாது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் போட்டால் ஒரு பகுதி மட்டும் வரும். மீதி அப்படியே நாராக நிற்கும்.

இதில் இன்னொரு சிக்கல். வயது ஏற ஏற, கொலாஜன் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் அதிகமாகும். கன்றுக்குட்டித் தோலில் இருந்து வருவது, கிழட்டு மாட்டுத் தோலில் இருந்து வராது. தோல் பதனிடும்போது குரோமியம் உப்போ, கடுக்காய் போன்ற தாவரச் சாறோ சேர்த்தால் இன்னும் இறுகிவிடும். செருப்பு மழையில் கரையாமல் இருக்கிறதே, அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

சரி, வலுக்கட்டாயமாகக் கரைத்தால்? அடர்த்தியான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வைத்தால் எல்லாம் கரைந்துவிடும். ஆனால் மிச்சம் இருப்பது கொலாஜன் இல்லை, தனித்தனி அமினோ அமிலங்கள். கோர்த்த மல்லிகைச் சரத்தை உதிர்த்துவிட்டு, எத்தனை மல்லி, எத்தனை கனகாம்பரம் என்று எண்ணுவது மாதிரி. எண்ணிக்கை தெரியும். எப்படிக் கட்டியிருந்தார்கள் என்பது தெரியாது.

அவர் என்ன செய்தார்?

கரைக்கவே இல்லை. அதுதான் விஷயம்.

எக்ஸ்-ரே விளிம்பு விளைவு என்ற முறைக்குச் சாம்பிள் கரைய வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது ஒழுங்கு. நார்கள் எல்லாம் ஒரே திசையில் அடுக்கியிருந்தால், அதன்மேல் பாயும் எக்ஸ்-ரே கதிர் ஒரு குறிப்பிட்ட புள்ளி வரிசையாகச் சிதறும். அந்தப் புள்ளிகளிலிருந்து உள்ளே இருக்கும் வடிவத்தைக் கணக்குப் போட்டு எடுக்கலாம். நார்கள் தாறுமாறாக இருந்தால் படமும் மங்கலாகத்தான் வரும்.

ஆக, சாம்பிள்தான் எல்லாம். நல்லவேளை, பக்கத்திலேயே அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது நம் சி.எல்.ஆர்.ஐ. இருந்தது. தோல் என்றால் கொலாஜன். அங்கே கேட்டு, முதலில் சுறா மீன் கொலாஜனை வாங்கிப் படம் எடுத்தார்கள். பிறகு, கங்காரு வாலில் இருக்கும் தசைநாணில் நார்கள் மிக ஒழுங்காக அடுக்கியிருக்கும் என்று தெரிந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து அதை வரவழைத்தார்கள். சென்னையில் இருந்துகொண்டு கங்காரு வால்!

அந்தப் படங்களோடு ராமச்சந்திரனும் உடன் ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் உட்கார்ந்தார்கள். கையில் இரண்டு தடயங்கள். ஒன்று, கரைக்காத சாம்பிள் தந்த எக்ஸ்-ரே படம். இன்னொன்று, முழுசாகக் கரைத்தவர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்த எண்ணிக்கை: கொலாஜனில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கிளைசின்.

அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது கிளைசின். மூன்றில் ஒன்று என்றால், ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அதுவே வருகிறதோ? அப்படியானால் ஏன்?

அவர்கள் கண்ட விடை: மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கியிருக்கின்றன. மூன்றும் சந்திக்கிற நடு அச்சில் இடமே இல்லை. அந்த நெருக்கடியில் கிளைசின் மட்டும்தான் நுழைய முடியும். அதனால்தான் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின்.

1954 ஆகஸ்ட் 7 தேதியிட்ட நேச்சர் இதழில் இது வெளியானது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் இருவரும் அதைத் திருத்தினார்கள். மூன்று சங்கிலிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்காமல், கயிறு திரிப்பது போல ஒன்றின்மேல் ஒன்று சுற்றிக்கொள்கின்றன என்பதுதான் திருத்தம். டிரிபிள் ஹெலிக்ஸ், அதாவது மும்முறுக்குச் சுருள்.

அப்புறம் ஏன் சண்டை?

1955 கடைசியில், டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் தங்கள் வடிவத்தை வெளியிட்டார்கள். மும்முறுக்குச் சுருள் என்பது அதே. ஆனால் சென்னை மாடலில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள். ஒவ்வொரு மூன்று அமினோ அமிலத்துக்கும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று ராமச்சந்திரன் சொல்லியிருந்தார். ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

கேம்பிரிட்ஜின் பெரிய பெயருக்கு எதிரில், சென்னையில் ஒரு சின்னத் துறை. பல புத்தகங்களில் கொலாஜன் வடிவம் என்றால் ரிச், கிரிக் பெயர்கள் முன்னே வர ஆரம்பித்தன. மூன்று சங்கிலி முறுக்கை முதலில் சொன்னவர்கள் பின்னால் போனார்கள்.

ராமச்சந்திரன் கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. அந்த விமர்சனத்தையே ஒரு கேள்வியாக மாற்றினார். இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அதற்கு ஒரு தெளிவான அளவுகோல் யாரிடமும் இல்லை. அதுவரை வடிவம் தெரிந்த படிகங்களை எல்லாம் எடுத்து, எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று அவர் குழு பட்டியல் போட்டது.

பிறகு அடுத்த படி. ஒரு புரதச் சங்கிலியில் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் சுழலக்கூடிய இரண்டு முக்கியமான கோணங்கள் உண்டு. அவற்றுக்கு ஃபை, சை என்று பெயர். இரண்டையும் 360 டிகிரிக்கும் திருப்பிப் பார்த்து, எங்கே அணுக்கள் மோதுகின்றன, எங்கே மோதவில்லை என்று கணக்கிட்டால்? சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து மேசைக் கணக்குப்பொறியில் தட்டித் தட்டியே அதைச் செய்தார்கள்.

1963-ல் அந்த வரைபடம் வெளியானது. பெரும்பகுதி வெள்ளை, அதாவது அணுக்கள் மோதும் இடம். சில தீவுகள் மட்டுமே அனுமதி. இதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்றைக்கும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தேன் என்று யார் சொன்னாலும், முதலில் போட்டுப் பார்ப்பது இதைத்தான். ஏ.ஐ. கணித்த வடிவங்களுக்கும் அதே சோதனைதான்.

கொலாஜன் சண்டை என்ன ஆனது? 1994-ல் ஹெலன் பெர்மன், பார்பரா பிராட்ஸ்கி குழு மிகத் துல்லியமான படத்தை எடுத்தது. நேரடிப் பிணைப்பு ஒன்றுதான், அதில் ரிச்சும் கிரிக்கும் சரி. ஆனால் சுருளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் பாலம் போட்டிருந்தன. இரண்டாவது பிணைப்பு நீர் வழியாக இருக்கலாம் என்று ராமச்சந்திரன் 1960-களிலேயே சொல்லியிருந்தார். அடிப்படை வடிவமான மும்முறுக்கில் மாற்றம் எதுவும் வரவில்லை.

இன்றைய ஆய்வகத்துக்கு இதனால் என்ன பயன்?

இப்போது கொலாஜனை ஆராய எக்ஸ்-ரே மட்டும் இல்லை. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற கருவி இருக்கிறது. எளிமையாகச் சொன்னால், மூலக்கூறுகளை எடைபோடும் தராசு. ஆனால் இந்தத் தராசில் ஒரு நார்க்கட்டையை அப்படியே வைக்க முடியாது. மூலக்கூறுகள் தனித்தனியாகப் பிரிந்து, மின்னூட்டம் பெற்று, காற்றில்லாத குழாயில் பறக்க வேண்டும். ஆக, மறுபடியும் அதே பழைய பிரச்சினை: கரைய மறுக்கிற சாம்பிளை எப்படித் தயார் செய்வது?

இதற்கு ஒரு வழக்கமான நடைமுறை இருக்கிறது. எலும்பாக இருந்தால், முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து சுண்ணச்சத்தை நீக்குவார்கள். அடுத்து, அம்மோனியம் பைகார்பனேட் கரைசலில் 65 டிகிரியில் சுமார் ஒரு மணி நேரம் சூடாக்குவார்கள். பிறகு டிரிப்சின் என்ற என்சைமைச் சேர்த்து 37 டிகிரியில் பல மணி நேரம் விடுவார்கள். கடைசியில் உப்பை நீக்கி, ஒளியை உறிஞ்சும் ஒரு துணைப்பொருளுடன் கலந்து காயவைத்து, லேசர் அடிப்பார்கள்.

இதில் நடுவே வரும் சூடாக்கல் எதற்கு? நேராக டிரிப்சினைப் போட்டால் என்ன? வேலை நடக்காது. மூன்று சங்கிலிகளும் இறுக்கமாக முறுக்கியிருக்கும்போது வெட்டும் என்சைமுக்குக் கத்தி வைக்க இடமே கிடைக்காது. சூடாக்கினால் முறுக்குப் பிரியும், சங்கிலிகள் தனித்தனியாகும், அப்புறம்தான் வெட்டு விழும். இந்தப் படியின் பின்னால் இருக்கிற காரணம் கிண்டி ஆய்வகம் சொன்ன அந்த மும்முறுக்குதான்.

இதே வேலை நம் வீட்டுச் சமையலறையிலும் நடக்கிறது. ஆட்டுக்கால் பாயா மணிக்கணக்கில் கொதிக்கும்போது முறுக்குப் பிரிந்து கொலாஜன் ஜெலட்டினாக மாறுகிறது. மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் அல்வா மாதிரி கெட்டியாக நிற்கிறதே, அதுதான் ஜெலட்டின்.

படத்தைப் படிப்பதிலும் அவர் கைவண்ணம் இருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் மூன்றுக்கு ஒரு கிளைசின் வர வேண்டும். வரவில்லை என்றால் அது கொலாஜன் துண்டு இல்லை, அல்லது அதில் ஒரு பிழை இருக்கிறது. ஒரே துண்டு 16 டால்டன் தள்ளி மறுபடி தெரிந்தால், அங்கே ஒரு ஆக்சிஜன் கூடியிருக்கிறது. கொலாஜனில் பெரும்பாலும் அது புரோலின் ஹைட்ராக்சிபுரோலினாக மாறியதன் அடையாளம். அந்த மாற்றத்துக்கு வைட்டமின் சி தேவை. அது கிடைக்காதபோது முறுக்கு பலவீனமாகி, ஈறில் ரத்தம் வருகிற ஸ்கர்வி நோய் வருகிறது.

2009-ல் பிரிட்டனில் இந்த முறையை எலும்புத் துண்டுகளில் பயன்படுத்தி, எந்த விலங்கு என்று கண்டுபிடிக்கத் தொடங்கினார்கள். ஒரு குறிப்பிட்ட துண்டின் நிறை செம்மறியில் சுமார் 3,033 டால்டன், வெள்ளாட்டில் சுமார் 3,093. கண்ணால் பார்த்தால் ஒன்றுபோல இருக்கும் இரண்டு எலும்புகளைத் தராசு பிரித்துவிடும். தி.நகரில் வாங்குகிற பை நிஜத் தோலா, எந்தத் தோல் என்று கண்டுபிடிக்கவும் இதே வழிதான்.

சாம்பிள் தயாரிப்பில் என்ன ஆபத்து?

கரைந்ததை மட்டும் எடைபோட்டுவிட்டு, அடியில் தங்கிய நாரைக் குப்பையில் போட்டுவிடுவது. கொலாஜனில் சுலபமாகக் கரைவது இளசான, குறுக்குப் பிணைப்பு குறைந்த பகுதி. முதுமையின், நோயின், பதனிடலின் கதை இருப்பது கரையாத பகுதியில். அதை விட்டுவிட்டால் கிடைக்கிற பதில் பாதி சாம்பிளுக்கானது மட்டுமே. அதனால்தான் எவ்வளவு கரைந்தது, எவ்வளவு மிஞ்சியது என்று எடைபோட்டுக் குறிப்பது முக்கியம்.

செயற்கை பாலிமர்களிலும் இதே தலைவலி உண்டு. எதிலும் கரையாத சிலவற்றை, கரைப்பானே இல்லாமல், லேசருக்கான துணைப்பொருளுடன் சேர்த்து மாவு மாதிரி அரைத்து அப்படியே கருவியில் வைக்கும் முறை வந்திருக்கிறது. சாம்பிளைக் கருவிக்காக வதைக்காமல், சாம்பிளுக்கு ஏற்ற வழியைத் தேடுவது. கங்காரு வாலை வரவழைத்ததும் அதே யோசனையில்தான்.

பிற்காலம் எப்படி இருந்தது?

1961-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது. 1970 வாக்கில் சென்னையை விட்டு பெங்களூரு போய், இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை உருவாக்கினார். 1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, எக்ஸ்-ரே நிழல்களிலிருந்து உடலின் உட்புறப் படத்தை வேகமாகக் கட்டமைக்கும் கணித முறையை வெளியிட்டார். சி.டி. ஸ்கேனின் வளர்ச்சியில் அந்த முறைக்குப் பெரிய இடம் உண்டு. 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோபல் வரவில்லை.

கர்த்தா அமெரிக்கா போய், 1967-ல் ரிபோநியூக்ளியேஸ் என்ற என்சைமின் வடிவத்தைக் கண்டுபிடித்த குழுவில் முக்கியப் பங்கு வகித்தார்.

ராமச்சந்திரனின் கடைசி ஆண்டுகள் சுலபமாக இல்லை. பார்கின்சன் நோய் படுத்தியது. 1998-ல் மனைவி ராஜலட்சுமி இறந்தார். 1999-ல் சர்வதேசப் படிகவியல் சங்கம் எவால்ட் பரிசை அறிவித்தது. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில், 78 வயதில் காலமானார்.

கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் வேறு அமினோ அமிலம் ஒன்று வந்துவிட்டால், எலும்பு சுலபமாக முறியும் பிறவி நோய் வருகிறது. அப்படிப்பட்ட ஒரு குழந்தையின் மரபணுச் சோதனை முடிவைப் பார்க்கும் மருத்துவர், அந்த ஒரு மாற்றம் ஏன் இவ்வளவு ஆபத்து என்று புரிந்துகொள்வது 1954-ல் கிண்டியிலிருந்து போன கட்டுரையின் தயவில்தான்.

அடையாறு சி.எல்.ஆர்.ஐ. வளாகத்தில் ஓர் அரங்கம் இருக்கிறது. பெயர் டிரிபிள் ஹெலிக்ஸ். அடுத்த முறை சர்தார் படேல் சாலை டிராஃபிக்கில் நிற்கும்போது, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு நீங்களே சொல்லலாம்.